டிரம் நின்ற ஏழு நிமிடம்

என் ஹெட்போனின் இரண்டு காதுகளிலும் கறுப்பு ஆட்டுத்தோல் உறை இருக்கிறது. வாங்கும்போது இருந்த ரெக்சின் உரிந்து, கன்னமெல்லாம் செதிள் செதிளாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், சூப்பர்வைசர் சார் ஷூவுக்குள் வைக்கிற மெல்லிய தோலை வட்டமாக வெட்டித் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தது. அத்தனை சீரான தையல். பிரித்து எறிந்துவிட இரண்டு மூன்று முறை பிளேடை எடுத்திருக்கிறேன். எடுத்ததோடு சரி.

வேதியியல் படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் சேர்ந்திருந்தேன். அவர் சாயப் பிரிவுக்கு சூப்பர்வைசர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். உள்ளே சார், வெளியே டீக்கடையில் தோஸ்த். நான் கேட்கிற இசையை ஊரில் வேறு யாரும் இசை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டு இல்லை, பாடகர் இல்லை, தாளம்கூட எங்கோ அடியில் புதைந்து கிடக்கும். கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஆழமான ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று பனிமூட்டம் போலப் படியும். “இன்னாடா, ஃபிரிட்ஜ் ஓடற சத்தத்த கேட்டுக்கினு இருக்க?” என்று வீட்டில் கேலி. சார் மட்டும் ஹெட்போனின் ஒரு காதை என் பக்கமும் ஒரு காதைத் தன் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு, டீ ஆறுகிற வரை அசையாமல் இருந்தார். “காதுல கேக்கலடா இது. நெஞ்சுல கேக்குது” என்றார். சரியாக அதுதான்! எனக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான். அதில் யாரும் நம்மிடம் எதையும் சொல்வதில்லை. வார்த்தைகளுக்கு ஓரம் கரைந்துபோய்விடும். நாள் முழுக்கக் கூச்சலில் நிற்கிறவனுக்கு அது ஒரு குளம் மாதிரி, இறங்கி மூழ்கிவிடலாம்.

எங்கள் டிரம் சத்தத்திலேயே ஒரு இசை செய்யலாம் என்று குதித்தது நான்தான். டிரம் என்றால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் மர உருளை. உள்ளே தோலும் தண்ணீரும் சாயமும் சேர்ந்து சுழலும். மேலே போன தோல் தண்ணீரில் விழும்போது தொப்பென்று ஒரு அடி, பல்சக்கரத்தின் முனகல், மறுபடி தொப். அதை ஓட்டுகிற அண்ணன் எங்கள் தெருக்காரர், இருபது வருட அனுபவம். ஒரு முறை நான் அவர் காதருகே போய்க் கத்தியபோது சிரித்தார். “இங்க வார்த்த எங்க தம்பி கேக்கும்? யாரு, இன்னா சொல்றாங்கன்னு குரலு ஏறி எறங்கறத வெச்சே கண்டுக்குவேன்.”

ஒரு நாள் காலை பத்து மணிக்கு நான் டிரம்மருகே போனை வைத்து ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தேன். சார் வந்தார், எங்கள் இசைப் பித்து தலைக்கேறி நின்றார். “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. சத்தம் அடங்கற எடம் வேணும்.”

அண்ணன் தயங்கினார். “கலர் ஊத்தியாச்சு சார். இப்ப நின்னா திட்டுத் திட்டா புடிச்சிடும்.”

“நான் பாத்துக்கறேன்.”

டிரம் நின்றது. ஏழு நிமிடம். உள்ளே தண்ணீர் சொட்டுகிற ஒலி, எவ்வளவு அழகு! எனக்கு ரோமம் சிலிர்த்தது. தோலைப் பற்றி நினைக்கவே இல்லை, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அறையில், அவர் லேப்டாப்பில் உட்கார்ந்து இசையைச் செய்தோம். எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டினால் தடம் தெரியாது என்றெல்லாம் நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். “நான் பாத்துக்கறேன்” என்ற அவருடைய அந்த ஒரு வாக்கியத்தை எட்டு மடங்கு மெதுவாக்கி, எதிரொலிமேல் எதிரொலி ஏற்றி, அடியில் ஓடுகிற ஒரு பெரிய உறுமலாக மாற்றினேன். “என் குரலா இது?” என்று குழந்தை மாதிரி சிரித்தார். என் போனில் இடமில்லை. “என்கிட்டதான் இருக்கே, ஒரிஜினல அழிச்சிடுறா” என்றார். அழித்தேன். முடிந்த இசையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அன்று சாயமேற்றிய தோல் லாட் முழுவதும் திட்டு என்று திரும்பி வந்தது. மேனேஜர் அறையில் அண்ணன் கைகட்டி நின்றார். “சார்தான் நிறுத்தச் சொன்னாரு” என்றார். சார் மேஜையில் தன் போனை வைத்தார். என்னைக் கூப்பிட்டு, “உன் ரெக்கார்டிங்தானே?” என்று கேட்டார்கள். என் சத்தம், எனக்குத் தெரியாதா? முழுக்கக் கேட்பதற்குள், “ஆமா சார்” என்றேன். டிரம் ஓடியது, நின்றது. நடுவில் குரல் இல்லை. வெட்டிய தடமே இல்லை. நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகச் செய்திருந்தார். “ஆபரேட்டர் அவரா நிறுத்திட்டாரு சார், ஏழு நிமிஷம்” என்று நிதானமாகச் சொன்னார்.

“இதுல உங்க குரல் இருந்துச்சு சார்!” என்று கத்தினேன். “எங்க, போட்டுக் காட்டு” என்றார் மேனேஜர். என்னிடம் இருந்தது அந்த இசைதான். போட்டேன். உறுமல் அறையை நிரப்பியது. “இன்னாப்பா இது, ஏரோபிளேன் போவுது?” என்று மேனேஜர் சிரித்தார். சாரும் சிரித்தார். மறுநாளே அதை வேகமாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் யாரோ வாய் கொப்பளிப்பது போலத்தான் வந்தது. வார்த்தையைக் கரைக்கிற இசை என்று கொண்டாடியவன் நான். அண்ணனுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு வார்த்தையையும் நானே கரைத்து வைத்திருந்தேன். அண்ணனை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். நானும் நின்றுகொண்டேன், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

சார் இப்போதும் அங்கேதான். எதிரில் வந்தால், “இன்னாடா தோஸ்த், புதுசா இன்னா கேக்கற?” என்கிறார். நடந்தது எதுவுமே நடக்காதது போல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் பேரணாம்பட்டு பஸ்ஸில் அண்ணனைப் பார்த்தேன். அங்கே ஒரு தோல் கிடங்கில் மூட்டை இறக்குகிறார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைப் பார்த்து, “அன்னிக்கு டிரம்ல எடுத்தியே, அது இன்னும் உன்கிட்ட கீதா?” என்றார். தோல் உறை போட்ட ஒரு காதை அவர் பக்கம் திருப்பினேன். அவர் மறந்தாற்போல விரலால் தோலைத் தடவி, “நல்ல சரக்கு” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். டிரம் ஓடியது. தொப், தொப். அடியிலிருந்து அந்த உறுமல் மெல்ல எழுந்து, ஏறி, இறங்கியது.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

“தோ, சொல்றாரு பாரு” என்றார். “நான் பாத்துக்கறேன்னு.”