'இஃப்' இல்லாத பதில்

1982 ஐப்பசியில், பாண்டிச்சேரியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பத்தாவது வரை பிரெஞ்சில் படித்தவள் நான். ஆங்கிலம் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றது. பிள்ளைச்சாவடியில் எங்கள் மீனவர் குடும்பத்துக்கு இந்த வேலை பெரிய விஷயம்.

தேர்வுக்கு வந்த எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து மேனேஜர் கேட்டார்: "அடுத்த வாரம் சரக்கு எப்படி கப்பலுக்குப் போவும்? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

எனக்கு முந்தியவர், திங்கள் இறால் வரும், செவ்வாய் லாரி கிளம்பும் என்று மடமடவென ஒப்பித்தார். எனக்கு அப்படி வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் நாளைக்குக் கடலுக்குப் போவதாக யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். "காத்து வுட்டா போறேன்" என்பார் அப்பா.

அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். காற்று வழிவிட்டால் திங்கள் இறால் வரும். விடாவிட்டால் லாரியை நிறுத்துவேன், ஐஸ் வாங்குவதைத் தள்ளிப்போடுவேன், கப்பல்காரருக்கு அன்றே தந்தி கொடுப்பேன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "போன மழையில படகு போவல, வாங்கி வெச்ச ஐஸு மொத்தமும் தண்ணியாப் போச்சு. அப்ப எவனும் இத யோசிக்கல" என்றவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாத்துக்கும் இஃப் போடுறியேம்மா, திங்கக்கெழம வேலைக்கு வருவியா, இல்ல அதுக்கும் இஃப்பா?"

"வந்துடுறேன் சார். அதுக்கு மட்டும் இஃப் கெடையாது."

திங்களன்று அடைமழை. பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு படகும் போகவில்லை, நான் போனேன். என் முதல் வேலையே ஆங்கிலத்தில் அந்தத் தந்தியை எழுதியதுதான்.

இன்றும் ஆங்கிலத்தில் ஓர் ஏற்பாட்டைச் சொல்லும்போது, எனக்குள் முதலில் பேசுவது அப்பாதான்.