வெளியே போயிருக்கிறாள்

மா சூன்-இம் திருட்டுத்தனமாக காஸ் இழுக்கிறாள் என்று இஞ்சியோன் மேட்டுச் சந்து முழுக்கப் பேச்சு. ஜனவரியிலும் அவள் வீட்டுத் தரை வெதுவெதுப்பாம். பில் மட்டும் இளைத்துக் கிடக்கிறதாம்.

விசாரித்தால் திருட்டு ஒன்றும் இல்லை. தரைக்கு அடியில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் பாய்லரை 'வெளியே' என்ற பொத்தானில் வைத்திருக்கிறாள். ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருப்பதற்கான சூடு அது. புருஷன் செத்த வருஷம் அமுக்கியது. அன்றிலிருந்து, பாய்லரைப் பொறுத்தவரை, சூன்-இம் வீட்டிலேயே இல்லை. வீட்டில் இல்லாத அந்தப் பெண், போன வருஷம் வரை மூன்று கால்சராய்களை மாட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் கூலிக்குப் பூண்டு உரித்தாள். குளிர்காற்றைத் தடுக்க ஜன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழித்தாள்கூட பக்கத்து வீட்டு குக் பியோங்-சுவிடம் இரவல். கொடுக்கும்போதே அவர் சொன்னார்:

"எனக்கே காத்து பிச்சுக்கிட்டு போகுது அக்கா. வசந்தம் வந்ததும் திருப்பிடணும்."

எத்தனையோ வசந்தம் வந்து போனது.

போன இலையுதிர் காலத்தில், செலவும் புகையும் குறையட்டுமென்று அரசாங்கமே இலவசமாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு, சுவருக்குள் பஞ்சும் அடைத்துக் கொடுத்தது. அதற்கு நிபந்தனையாக, அவளுக்கு வாடகையை ஏற்றமாட்டேன் என்று வீட்டுக்காரர் தோ மன்-சிக் கையெழுத்துப் போட்டார். அதே 'வெளியே' பொத்தானில் தரை சுட ஆரம்பித்தது. சூன்-இம் ஒரு கால்சராயைக் கழற்றினாள்.

குமிழித்தாளை வாங்கிப்போக வந்த குக், தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரிடா, பூண்டு வாடை ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் அக்கா. எங்க வீட்ல வாடைகூட உறைஞ்சு போகுது."

வந்த காரியத்தை மறந்து கிளம்பியவர், பொதுக் குளியலறையில் மற்றவர்களுக்கு முதுகு தேய்த்துவிட்டபடி எல்லோரிடமும் சொன்னார். நாலாவது முதுகு தோ மன்-சிக்குடையது.

மறுநாளே வீட்டுக்காரர் வந்து, காலுறைக் காலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுதில்ல? என் பையன் இங்க வரப்போறான்."

"உங்களுக்கு ரெண்டும் பொண்ணுங்கதானே?"

"மருமகன் பையன் இல்லையா?"

கையெழுத்தை அவர் மீறவேயில்லை. அவளுக்கு வாடகை ஒரு காசுகூட ஏறவில்லை. அடுத்து வந்தவர்களுக்குத்தான் ஏறியது. அவர்களில் மருமகன் யாரும் இல்லை.

அவள் கதவைப் பூட்டியபோதும் பாய்லரில் 'வெளியே' என்றே எரிந்தது. முதல் தடவையாக அது சொன்னது உண்மை.

இப்போது அவள் இருப்பது பாதி மண்ணுக்குள் புதைந்த அறையில். அதன் ஒற்றை ஜன்னலில் குக்கின் குமிழித்தாள். குக்குக்கு முகவரி தெரியும். அவர் வீட்டிலும் காற்று நிற்கவில்லை. குளியலறையில் வாயை விட்டவருக்கு, இப்போது போய்க் கேட்க வாய் வரவில்லை. அவளும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.