நந்தனம் சிக்னலில் நின்ற பேச்சு

கட்டியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரின் மூளைப் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னார்: கட்டி கண்ணுக்குத் தெரியும், அதன் ஓரத்து செல்கள் தெரியாது. அவை ரத்தக்குழாயை ஒட்டியும் நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டும் ஊர்ந்து, நல்ல மூளைக்குள் எப்போதோ போய்விட்டிருக்கும்.

"சந்துல பூந்து போவுது. நம்ம லைன்தான்," என்றார் இவர். மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டியவர். மெயின் ரோட்டிலேயே போனால் மானம் போய்விடும் அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்குள் எமன் உட்கார்ந்திருக்கிறான், இந்த மனிதருக்குக் கிண்டல்!

செல்கள் பேச்சுக்கான பகுதியை நோக்கிப் போயிருந்தன. அகலமாக வெட்டினால் ஆயுள் கொஞ்சம் கூடலாம், பேச்சு போய்விடலாம். வெட்டட்டும் என்றேன் நான். பேசாவிட்டாலும் வீட்டில் இருந்தால் போதும் எனக்கு. அவர் ஒரே பிடியாக நின்றார்.

"பேச்சே பூட்ச்சுன்னா நான் இருந்து இன்னா பண்ணப்போறேன், சொல்லு?"

அறுவை சிகிச்சையில் அவரை விழித்திருக்க வைத்தார்கள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தடுமாறும் இடத்தில் கத்தி நிற்கும். இவர் படுத்தபடியே, பேச்சிலேயே வீட்டிலிருந்து தி.நகருக்கு சவாரி போனாராம். எந்தச் சந்தில் புகுவது, எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே போலீஸ்காரர் மறைந்து நிற்பார், எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், நந்தனம் சிக்னலில் வார்த்தை வராமல் நின்றுவிட்டார். டாக்டரும் அதோடு நிறுத்திவிட்டார். மிச்சம் உள்ளே இருந்தது.

அதன் பிறகு கிடைத்த காலத்தில் பேசித் தீர்த்தார் மனுஷன். காலைக் காபியில் ஆரம்பித்து, சாயங்காலம் பட்டினப்பாக்கம் மணலில் சுண்டல் தின்கிறபோதும் ஓயாது. கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! இன்று அந்த வாயைக் கேட்க ஏங்குகிறேன்.

மிச்சமிருந்தது ஊர்ந்து ஊர்ந்து பேச்சுக்கே வந்து சேர்ந்தது. வலது கையும் விழுந்துவிட்டது. கடைசியில் நான்தான் கட்டிலருகே உட்கார்ந்து அந்த சவாரியைச் சொல்வேன். மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் எல்லாம் தாண்டி நந்தனம் வந்ததும் அதற்கு மேல் சொல்ல வராமல் நிறுத்திவிடுவேன். ஒருநாள் அப்படி நான் நின்றுபோனபோது, அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஆட்டோவில் முதல் கியர் போடுகிற மாதிரி மெல்ல முறுக்கினார்.

"பச்சை விழுந்துடுச்சா? சரி, போலாம்," என்றேன். தி.நகர் வரைக்கும் சொல்லி முடித்தேன்.