போனை எடுத்தால் போதும்

கோடியக்கரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறால் பண்ணை முதலாளிகள் சங்கச் செயலாளர். சிரித்த முகம். பேச்சுக்கு நடுவே துண்டு நுனியால் போன் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பண்ணைகளின் உப்புத்தண்ணீர் வாய்க்காலில் கலந்து எங்கள் சம்பா கருகுவதையும், மனுவோடு மூன்று முறை போயும் எம்.எல்.ஏ.வைப் பார்க்க முடியாததையும் சொன்னேன்.

"எங்க மேலதான் மனுவா? பரவாயில்ல சார். தேர்தல் செலவுக்கு ரெண்டு கட்சிக்கும் குடுக்குறோம். பதிலுக்கு எதுவும் கேக்குறதில்ல. போன் பண்ணா எடுக்கணும், அவ்வளவுதான்."

அங்கேயே எம்.எல்.ஏ.வை அழைத்தார். முதல் மணியிலேயே எம்.எல்.ஏ. எடுத்தார். "நமக்கு வேண்டியவர் வர்றார், பாருங்க" என்றார் செயலாளர்.

உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்; அதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.

அன்றே எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நாற்காலி, டீ எல்லாம் கிடைத்தது. மனுவைப் படித்த எம்.எல்.ஏ., "ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்" என்று போனை எடுத்து அந்தச் செயலாளரையே அழைத்தார்.