படிக்கட்டுக் கதிரை ஆருக்கு?

மற்றவைக்கு வரிப் போம் நிரப்பிக் குடுக்கிறது அவையின்ரை அலுமாரியைத் திறந்து பாக்கிற வேலை. என்ன கிடந்தாலும் காணாத மாதிரித்தான் திரும்பச் சாத்த வேணும்.

கிழமை நாளிலை எனக்கு சுவிஸிலை, லுசேர்ண் நகரத்திலை ஒரு முதியோர் இல்லத்திலை வேலை. சனிக்கிழமை எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை, பின் அறை. பிள்ளையள் முன்னுக்குத் திருக்குறள் கத்திக்கொண்டிருக்க, தாய் தேப்பன்மார் பைல் கட்டுகளோடை என்ரை மேசைக்கு முன்னாலை வரிசையிலை நிப்பினம். டொச் எண்டுற ஜேர்மன் மொழி கொஞ்சம் வாசிக்கத் தெரிஞ்ச பாவத்துக்கு பதினைஞ்சு வருசமா இந்தச் சீவியம்.

முந்தி வாறவை பிள்ளைச் செலவு, பஸ் செலவு எண்டுதான் கேப்பினம். இப்ப வேறை. ரெஸ்ரோறன்ற் குசினியிலையும் துப்பரவு வேலையிலையும் முறிஞ்சு முறிஞ்சு எங்கட சனம் வீடு வாங்கிப்போட்டுது. வீடு வந்து சேர, முழங்காலும் இடுப்பு நாரியும் போய்ச் சேந்திட்டுது. ஏலாத ஆள் ஒருத்தருக்காக வாசலையோ குளியலறையையோ படிக்கட்டையோ மாத்திக் கட்டினால், அந்தச் செலவை வரியிலை கழிக்கலாம். ஆனால் அது தேவைக்குக் கட்டினது எண்டு காட்ட வேணும். காட்டாட்டி, வீட்டை வடிவாக்கிப் பெறுமதியைக் கூட்டிப்போட்டியள் எண்டு வரியையும் கூட்டி விடுவினம். டொக்டர் கடிதம் வேணும், படம் வேணும், சில நேரம் வரிக் கந்தோராலை ஆளும் வந்து பாப்பினம். கேக்கச் சுகமாத்தான் இருக்கு. ஆனால் போம் நிரப்பி நாரி நொந்த சனங்களே, எங்கட ஆக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

முதல்லை என்ரை வீடு

ஊரார் கதை சொல்ல முந்தி என்ரை வீட்டுக் கதையைச் சொல்லிப்போடுறன். மூண்டு வருசத்துக்கு முன்னம் இவருக்கு, என்ரை மனிசனுக்கு, பாரிசவாதம் வந்தது. இருபத்தாறு வருசம் ஹோட்டல் குசினியிலை நிண்ட மனிசன், வலது கையும் காலும் விழுந்து போச்சு. ஊண்டுற பொல்லைப் பிடிச்சுக்கொண்டு சோபாவிலையிருந்து சாப்பாட்டு மேசை மட்டும் வருவார். எங்கடது ஒடுங்கின வீடு. படுக்கை அறையும் குளியலறையும் மேலை. அதாலை மூண்டு வருசமா மனிசனுக்குச் சோபாதான் கட்டில். கீழை இருக்கிற சின்னக் கக்கூசிலை வாளியும் துணியுமா நான் துடைச்சு விடுறனான். பகல் முழுக்க வெள்ளைக்காரக் கிழவியளைக் குளிப்பாட்டிப்போட்டு வந்து, இஞ்சையும் அதே வேலை. களைப்பெண்டு சொல்லவும் களைப்பாக் கிடக்கு.

போன வருசம் மகள் நெருக்கின நெருக்கிலை, படிக்கட்டுச் சுவரோடை தண்டவாளம் பூட்டி, இருந்தபடி மேலை போற கதிரை ஒண்டு போட்டம். இவர் ஒரு நாள் ஏறி இருந்ததில்லை. "நான் நடந்து ஏறுவன், இருந்து பாரும்" எண்டுறார். இவர் மேலை போய்த் தன்ரை கட்டிலிலை ஒருக்கால் காலை நீட்டிப் படுத்திட்டார் எண்டால் எனக்குப் போதும், வேறை ஒண்டும் கேக்கமாட்டன். அவர் என்னடா எண்டால், கதிரையை மடிச்சு அதுக்கு மேலை படுக்கை விரிப்பைப் போட்டு மூடச் சொல்லுறார். வாற சனம் விடுமோ? இது ஆருக்கு எண்டு கேக்கும். இவர் வாய் கூசாமல் சொல்லுற மறுமொழி: "என்ரை மனிசிக்கு முழங்கால் நோ. அவவுக்குத்தான் போட்டது."

நிறைகுடம் நிண்ட இடம்

பவானி பக்கத்து சூக் நகரத்திலை கந்தோருகள் துப்பரவாக்கிற பிள்ளை. தாய்க்குச் சக்கரக் கதிரை. அதுக்காக வாசல் படியை இடிச்சுச் சரிவுப் பாதை போட்டவை. படம் அனுப்பச் சொல்லி வரிக் கந்தோராலை கடிதம் வந்திட்டுது. "படம் எக்கச்சக்கமாக் கிடக்கு அக்கா, புது வீட்டுக் குடிபூரலுக்கு எடுத்தது" எண்டு போனிலை முப்பது படம் அனுப்பிவிட்டாள்.

நான் ஒவ்வொண்டாப் பாத்தன். சரிவுப் பாதையின்ரை நட்ட நடுவிலை நிறைகுடம். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. முன்னுக்குக் கோலம், வாழை மரம், காஞ்சிபுரச் சீலையோடை பதினெட்டுப் பேர். இருக்கிற இடத்தை எல்லாம் சனம் பிடிச்சு வைச்சிருக்கு. தாயை எங்கை எண்டு பாத்தால், பின் கதவாலை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சோபாவிலை இருத்தியிருக்கினம். "பிள்ளை, ஆருக்காகப் பாதை போட்டியளோ அந்த மனிசியைப் பின்னாலை தூக்கிப்போட்டு, பாதையிலை குடத்தை வைச்சிருக்கிறியளே" எண்டு கேட்டன். பேந்து சொன்னாள்: "ஓம் அக்கா, பாதை தெரியிற படத்திலை அம்மா இல்லை, அம்மா இருக்கிற படத்திலை பாதை தெரியேல்லை, எதை அனுப்பட்டும்?"

டொக்டருக்கு மரியாதை

தம்பிராசா அண்ணை மட்டக்களப்பு ஆள். ரெஸ்ரோறன்ற் ஒண்டிலை கோப்பை கழுவிக் கழுவி ரெண்டு இடுப்பும் தேஞ்சு போச்சு. குளியலறையைத் தனக்குத் தக்க மாதிரி மாத்தினவர். டொக்டர் கடிதம் கொண்டு வந்தார். வாசிச்சன். "நோயாளி உற்சாகமானவர், உதவியில்லாமல் நடக்கிறார்" எண்டு கிடக்குது. என்ரை மேசைக்கு வரவே அந்த மனிசன் ரெண்டு தரம் சுவரிலை சாஞ்சு நிண்டவர்!

"அண்ணை, டொக்டரட்டை என்ன சொன்னனீங்கள்?" எண்டு கேட்டன். கேக்கக் கேக்கத்தான் கதை வெளிக்குது. டொக்டரட்டைப் போறதெண்டு அண்டைக்குச் சேவ் எடுத்து, கோட்டுப் போட்டு, பொல்லைக் காருக்குள்ளை விட்டுட்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிமிந்து நடந்து போயிருக்கிறார். பெரிய மனிசனுக்கு முன்னாலை கூனிக்கொண்டு போறதே எண்டு. எனக்கு வந்த விசரைப் பாத்துப்போட்டு மனிசன் பாவமாச் சொன்னார்: "எப்பிடி இரிக்கிறீங்க எண்டு மரியாதையாக் கேட்டார் புள்ள, நானும் மரியாதையா நல்லா இரிக்கன் எண்டுட்டன்."

பூமாலை போட்ட கைபிடி

இது எல்லாத்தையும் திண்ட கதை. ஒரு குடும்பம், பேர் வேண்டாம். மூத்த மகளுக்கு முப்பது வயது, பிறந்ததிலையிருந்து நடக்கேலாது. அந்தப் பிள்ளைக்காகக் குளியலறையை முழுசா மாத்தினவை. சக்கரக் கதிரை உள்ளுக்கை போற மாதிரித் தரை, சுவரிலை கைபிடியள், இருந்து குளிக்கிற பலகை. கந்தோராலை ஒருத்தர் பாக்க வாறார் எண்டு அறிவிச்சவை. மெலிஞ்ச மனிசன், வாசலிலை தானாவே சப்பாத்தைக் கழட்டுற ஆள். மொழிக்கு உதவியா என்னையும் கூப்பிட்டிருந்தவை.

போய்ப் பாத்தால் எனக்குத் தலை சுத்திச்சுது. விருந்தாளி வாறாராம்! சக்கரக் கதிரை கார் விடுற கராச்சுக்குள்ளை. குளிக்கிற பலகை அலுமாரிக்குப் பின்னாலை. கைபிடியளுக்கு லேஸ் துணி சுத்தி, பிளாஸ்ரிக் ரோசாமாலை கொழுவியிருக்கினம். மகள் பட்டுச் சீலையோடை சோபாவிலை, காலை மூடி ஒரு சால்வை. மேசையிலை ரோல்ஸ், பற்றிஸ், கேக். நான் வாயைத் திறக்க முந்தி அந்த மனிசன் குளியலறைக்குள்ளை போயிட்டார். சுத்திப் பாத்தார், புத்தகத்திலை எழுதினார், வெளியிலை வந்து தாயின்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார்: "இவ்வளவு வடிவான குளியலறையை நான் இந்தப் பக்கத்திலை கண்டதில்லை, வாழ்த்துகள்!"

ஆறு மாசம்

ஆள் போன பிறகு நான் தாயைப் பிடிச்சு நல்லாக் கண்டிச்சுப் பேசினன். மாலையைக் கழட்டிப்போட்டு அந்தாளைத் திரும்பக் கூப்பிடுவம், உண்மையைக் காட்டுவம், இல்லாட்டி இது ஆடம்பரக் குளியலறை எண்டு எழுதப்பட்டுப் போகும் எண்டு சொன்னன். அவ கைபிடியிலை கிடந்த மாலையை நேராக்கிக்கொண்டே நிண்டா. பேந்து கதவைச் சாத்திப்போட்டு, சோபாவிலை இருக்கிற பிள்ளைக்குக் கேக்காத மாதிரிச் சொன்னா: "சின்னவளுக்குக் கலியாணம் பேசுறம் அக்கா, மாப்பிள்ளை வீட்டார் வந்து போகினம், ஒரு ஆறு மாசத்துக்கு மூத்தவளுக்கு நடக்க ஏலும்."

அதுக்குப் பிறகு நான் அவவை ஒண்டும் பேசேல்லை. எனக்குப் பேச என்ன வாய் இருக்கு? என்ரை வீட்டுப் படிக்கட்டிலையும் ஒரு விரிப்பு மூடித்தானே கிடக்கு. வாசல் மட்டும் வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிக்கேக்கை, அந்த மூத்த பிள்ளை சோபாவிலை இருந்தபடி என்னைக் கூப்பிட்டுக் கேட்டுது: "அன்ரி, என்ரை கதிரையைக் கராச்சுக்குள்ளையிருந்து எப்ப எடுத்துத் தருவினம்?"

கடைசியா எங்கட வீட்டு வாசலிலை

அண்டைக்கு வீட்டை வந்து, ஆரிட்டையும் கேக்காமல், டொக்டர் கடிதத்தையும் வைச்சு, படிக்கட்டுக் கதிரையை இவரின்ரை பேரிலை எழுதி அனுப்பிப்போட்டன். ரெண்டு மாசத்திலை கடிதம் வந்தது, ஆள் வந்து பாக்குமாம். நான் இவருக்குச் சொல்லேல்லை. மணி அடிக்கத்தான் சொன்னன். கதவைத் திறந்தால் அதே மெலிஞ்ச மனிசன், சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிக்கிறார்.

பேப்பரைப் பாத்தார். "இந்தக் கதிரை உங்களுக்கோ?" எண்டு இவரைக் கேட்டார். இவர் சோபாவிலை நிமிந்திருந்து, குசினியிலை பழகின டொச்சிலை, "இல்லை, மனிசிக்கு. முழங்கால்" எண்டார். வந்த மனிசன் பேப்பரைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். ஓம் எண்டால் டொக்டர் கடிதம் பொய். இல்லை எண்டால் முன்பின் தெரியாத ஒருத்தருக்கு முன்னாலை இவரின்ரை முகத்திலை கரி. ஊர்ச் சனத்தை எல்லாம் பேசின நான், கதிரை விரிப்பின்ரை நுனியை நேராக்கிக்கொண்டு நிண்டன். அந்தாள் ஒண்டும் துருவேல்லை. "அப்ப நீங்கள் ஒருக்கால் ஏறிக் காட்டுங்கோ, வேலை செய்யுதோ பாப்பம்" எண்டு எனக்குச் சொன்னார்.

விரிப்பை இழுத்தன். இருந்தன். பொத்தானை அமத்த, கதிரை என்னைத் தூக்கிக்கொண்டு உர்ரெண்டு மெல்ல மெல்ல மேலை போச்சுது. மேலை போய் நிக்க, திறந்து கிடந்த அறைக்குள்ளை எங்கட கட்டில் தெரிஞ்சுது. அவர் படுக்கிற பக்கம். மூண்டு வருசமா ஒருத்தரும் தலை வைக்காத தலையணைக்குக் கிழமைக்கு ஒருக்கால் உறை மாத்துறனான். அதைப் பாத்தவுடனை எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. மேலை இருந்தபடியே சொன்னன்: "நான் இனி இறங்க மாட்டன். எனக்கு முழங்கால் நோ. வந்தவருக்குத் தேத்தண்ணி நீங்களே போட்டுக் குடுங்கோ."

வந்த மனிசனுக்குத் தமிழ் விளங்கேல்லை. என்ரை முகம் விளங்கியிருக்கும். மேல் அறையையும் பாக்க வேணும், வீட்டுக்காரரும் கூட வந்தால் நல்லது எண்டு சொல்லிப்போட்டு ஒரு பக்கமா ஒதுங்கி நிண்டார். இவர் பொல்லை ஊண்டி எழும்பி வந்தார். முதல் படியிலை பொல்லை வைச்சார். இடது கையாலை கம்பியைப் பிடிச்சு ஒருக்கால் உன்னினார். கால் வரேல்லை. திரும்பவும் உன்னினார். நான் மேலை இருந்து பாத்துக்கொண்டிருந்தன். அந்தாளும் தன்ரை புத்தகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து இவர் பொல்லைச் சுவரோடை சாத்தி வைச்சார். என்னை நிமிந்து பாத்தார். இண்டு வரைக்கும் போமிலையும் எழுதாத, டொக்டருக்கும் சொல்லாத சொல்லை, சோத்தைப் போடும் எண்டு கேக்கிற மாதிரிச் சும்மா சொன்னார்: "இஞ்சேர், கதிரையைக் கீழை விடும், எனக்கு ஏலாது."

இப்ப மனிசன் மேலையே குந்திக்கொண்டு மணிக்கொருக்கால் தேத்தண்ணி கேக்கிறதாலையும், கதிரை எப்பவும் அவரோடை மேலையே நிக்கிறதாலையும், ஏறி இறங்கி ஏறி இறங்கி எனக்கு உண்மையாவே முழங்கால் நோ வந்திட்டுது எண்டதை எந்தப் போமிலை எழுதுறது எண்டு தெரிஞ்சால், ஆரும் எனக்கு ஒருக்கால் சொல்லுங்கோ.