தோய்க்காத வேட்டிகள்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி இரண்டாம் முறை ஆய்வுக்கு வந்த அன்று வானம் பளிச்சென்று இருந்தது. கரமனை அக்ரஹாரத்துத் தெருவில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். பின்னாலிருந்த தனியார் ஆஸ்பத்திரியின் புகைக்குழாயில் ஓர் இழைகூட எழவில்லை. "புகை எவிடெ, மாமி?" என்று எங்கள் அடுத்த வீட்டு மாமியிடம் மலையாளத்தில் கேட்டார். கேலியில்லை, சலிப்புதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. பஞ்சு, குழாய், பிளாஸ்டிக் பை என எல்லாக் கழிவையும் அந்த ஆஸ்பத்திரி கொல்லைப்புறச் செங்கல் சூளையில் எரித்தது. மாமியின் கணவர் மாமாவுக்கு மூச்சிழுப்பு முற்றி, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். மாமி புகார் கொடுத்தாள். ஆனால் ஆய்வுக்கு ஆள் வருவது ஆஸ்பத்திரிக்கு முன்பே தெரிந்துவிடும். அன்று மட்டும் சூளை அணைந்திருக்கும். முதல் ஆய்வு அப்படித்தான் வீணானது.

மாமி கல்யாண வீடுகளுக்கு வடாம் இட்டுக் கொடுப்பவள். மாடியில் விரிக்கும் வேட்டியை அன்றன்றே தோய்த்து மடியாக உலர்த்துவாள். பிறர் கை பட்டால் மறுபடியும் தோய்ப்பாள். அப்படிப்பட்டவள், அந்த ஆய்வுக்குப் பிறகு வடாம் இடாமல் தினம் ஒரு வேட்டியை வெறுமனே விரித்தாள். சாயங்காலம் ஓரத்தில் காவிக்கட்டியால் கிழமையை எழுதி, படிந்த கரியோடு தோய்க்காமல் வாசல் கொடியில் தொங்கவிட்டாள்.

"என்ன மாமி, சோப்பு தீந்துபோச்சா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சோப்பெல்லாம் இருக்கு. உங்க மூக்கைத் தொடச்சுப் பாருங்கோ, அதுவும் இதே நெறமாக்கும்."

மறுவாரம் அவர் வீட்டுக் கொடியிலும் வேட்டி தொங்கியது. பிறகு தெரு நெடுக.

அதிகாரியின் கேள்விக்கு மாமி கொடியைக் காட்டினாள். "இது ஞாயிறு ஸார், அவாளுக்கு லீவு, வெளுப்பு. இது திங்கள், இது செவ்வாய். இது இன்னிக்கு விரிச்சது, நீங்க வரேள்னு மல்லிப்பூவாட்டம் இருக்கு."

அவர் செவ்வாய்க்கிழமையைத் தொட்டு, கறுத்த விரலைப் பார்த்தார். பிறர் கை பட்டதற்கு மாமி முகம் சுளிக்கவில்லை. சூளை மூடப்பட்டது.

தெருவில் பாயசம் வைத்தார்கள். செய்திக்காக ஆஸ்பத்திரிக்குப் போன நான் வேறொன்றைத் தெரிந்துகொண்டு வந்தேன். கரமனை ஆற்றுக்கு அக்கரையில், திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் குடிசைகளை ஒட்டிக் குழி வெட்டி, கழிவை இனி அங்கே எரிக்கப் போகிறார்கள்.

"நம்ம காரியம் ஆச்சில்லியோ, விடு" என்று என்னிடம் சொன்னார் எதிர்வீட்டுக்காரர்.

"அவா மூக்கு என்ன, மரத்துல பண்ணினதா?" என்று மாமி செருப்பை மாட்டினாள்.

கழிவு வண்டி வந்தபோது குழிக்கு முன்னால் குடிசைப் பெண்களோடு மாமியும் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். "அடிச்சுக்கிட்டே இரும்வே, எங்க பிள்ளையளுக்கு வேடிக்கையா இருக்கு" என்றாள் ஒருத்தி. உச்சிவெயிலில் வண்டி திரும்பியது. பிறகு வரவில்லை.

இன்று மூடிய வண்டிகள் வந்து கழிவை முறையாக எடுத்துப் போகின்றன. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அது எப்போதுமே அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மாமியின் வெற்றி அவ்வளவு முழுமையானது.

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். வண்டி திரும்பிய பிறகு குடிசையிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி ஒரு டம்ளர் சாயாவை நீட்டினாள். மாமி வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரை போறலைடி. இன்னும் கொஞ்சம் போடு."