உயர்த்திய கை

மாலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, மீன் ஏலக் கொட்டகையின் தூணில் நைலான் கயிற்றால் கட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டி. படகைக் கட்டும் அதே முடிச்சு. எதிரே, கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைகளின் மேல் நாற்பது பேர் இருந்தார்கள். ஆட்டம் ஐந்து மணிக்கு.

நான் இருபது ஆண்டுகள் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன். இப்போது மனைவியின் வேலை காரணமாக அணுசக்தி நகரியக் குடியிருப்பில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்மணியின் மகள்தான் இந்தியாவின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர்.

"பேப்பர்ல இருந்த ஆளு நீ. பக்கத்துல வந்து குந்து சார். இன்னா ஆவுதுன்னு கேட்டா சொல்லணும்" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றில், நான்கு அணிகள் கொண்ட குழு. முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே மேலே போகும். நம் அணி முதல் ஆட்டத்தில் வென்று, இரண்டாவதை டிராவில் முடித்திருந்தது. நான்கு புள்ளிகள். இன்றைய எதிரணி இரண்டையும் வென்று ஆறு புள்ளிகளோடு வந்தது. அவர்களுக்கு டிரா போதும். நமக்கு வெற்றி வேண்டும்.

அந்த டிராவுக்குக் காரணம் இந்தக் கடற்கரைதான். கரைவலை இழுக்கும்போது, மணலில் நின்று வலையின் போக்கைப் பார்க்கிறவர் ஒரு கையை உயர்த்தினால் இழுக்கிறவர்கள் கயிற்றை நிறுத்த வேண்டும். இங்கே அந்த வேலை அவளுடைய சித்தப்பாவுடையது. பள்ளி விடுமுறைகளில் அவளும் கயிறு பிடித்திருக்கிறாள். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் உயரமாக ஒரு பந்து வந்தது. 'அங்கேயே நில்' என்று தடுப்பாட்டக்காரிக்குக் கையை உயர்த்திவிட்டு இவள் கோல் கோட்டிலேயே நின்றாள். கோல்கீப்பர் கையை உயர்த்தினால் 'பந்து என்னுடையது' என்று பொருள் கொண்ட அந்தப் பெண் ஒதுங்கிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் கோல் விழுந்தது.

மறுநாளே சித்தப்பா என்னிடம் சொன்னார். "அது எங் கை சார். நான் தூக்கற மாரியே தூக்குனா."

தாய் தொலைபேசியில் மகளிடம் கேட்டிருக்கிறார். "தெரியும்மா, மாத்திக்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது.

ஆட்டம் தொடங்கியது. பதினெட்டாவது நிமிடத்தில், ஒருவரது தொலைபேசியின் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் உறைந்தது.

"யாரு போன்ல நெட்டு கீது?"

"ஏன், ஒன்னுத இன்னா ஆச்சி?"

"எம் பொண்டாட்டி சீரியல் பாத்தே தீத்துட்டா, மச்சான்."

வேறொரு தொலைபேசியிலிருந்து இணைத்தார்கள். படம் வந்தபோது நம் வலதுபக்க ஆட்டக்காரியைத் தோழிகள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, பூஜ்ஜியம். கோலை யாரும் பார்க்கவில்லை. அதற்காக ஒருவரும் கவலைப்படவுமில்லை.

இரண்டாம் பாதியில் பந்து நம் பக்கத்தைவிட்டுப் போகவேயில்லை. அவள் தாழ்வான இரண்டு பந்துகளை விழுந்து பிடித்தாள். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி என்னைக் கேட்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம் கீது சார்?"

"நாலு நிமிஷம்."

"இத்தினி நேரம் தாங்கிட்டா. நாலு நிமிஷம் தாங்க மாட்டாளா?"

சித்தப்பா மட்டும் உட்காரவில்லை. தூணுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக எழுந்து கோலை நோக்கி வளைந்தது. அவள் வலது கையை உயர்த்தினாள். போன ஆட்டத்தில் ஒதுங்கிய அதே பெண் இப்போதும் ஒதுங்கினாள்.

"வெளிய வா" என்றார் சித்தப்பா, திரையைப் பார்த்து, மெல்ல.

அவள் வந்தாள். இரண்டு தலைகளுக்கு மேலே எழும்பி, பந்தை இரு கைகளாலும் பிடித்து, மார்போடு அணைத்து விழுந்தாள். நடுவர் இறுதி விசில் ஊதும்போது பந்து அவளிடமே இருந்தது. ஏழு புள்ளிகள், குழுவில் முதலிடம்.

"அண்ணி, பாத்தியா? மாத்திட்டா" என்றார் சித்தப்பா.

"சொன்னா செய்வா. ஒன்ன மாரியா?" என்றார் அம்மா. கொட்டகை முழுவதும் சிரித்தது. சித்தப்பாவும்தான்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அதே கரையில் வலை இழுத்தார்கள். சித்தப்பா கையை உயர்த்தினார். கயிறு நின்றது.